எழும்பூர் அமராவதிக் கூடம்: கொங்கிலிருந்து ஒரு பகலை ஒதுக்கிப் போய்ப் பார்க்க வேண்டிய கற்கள்

சென்னைக்குத் திருமணத்துக்கோ மருத்துவமனைக்கோ போகும்போது கிடைக்கிற அரை மணி நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடமாகவே எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை நம் பக்கத்தில் பலரும் வைத்திருக்கிறார்கள். அங்குள்ள அமராவதி பௌத்தச் சிற்பங்களை அப்படிப் பார்ப்பது பாராமல் இருப்பதற்குச் சமம். கோயம்புத்தூரிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் இரவு ரயிலில் கிளம்பி, ஒரு முழுப் பகலையும் அந்தக் கற்களுக்கென்று ஒதுக்கி, மறுபடியும் இரவு ரயிலிலேயே திரும்பினாலும் அந்தச் செலவும் தூக்கக் கேடும் தகும் என்பது என் தீர்மானமான கருத்து. இந்தச் சிற்பங்களின் படங்களைப் பல ஆண்டுகளாகப் புத்தகங்களிலும் திரையிலும் பார்த்து வந்திருக்கிறேன். நேரில் நின்றபோது தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தப் படங்கள் எதிலும் இல்லை.

இங்கே அமராவதி என்பது தாராபுரத்தையும் கரூரையும் தொட்டு ஓடும் நம் ஆறு அன்று. ஆந்திரத்தில் கிருஷ்ணை ஆற்றின் தென்கரையில் இருக்கும் ஊர். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே அங்கே தொடங்கி, சாதவாகனர் ஆட்சியில் விரிந்து, கிபி 3ஆம் நூற்றாண்டு வரை செதுக்கிச் செதுக்கிச் சேர்க்கப்பட்ட மகா ஸ்தூபம் (பௌத்தர்கள் வலம் வந்து வழிபடும் குவிமாட மேடு) ஒன்று நின்றது. சுமார் 50 மீட்டர் விட்டமுள்ள அந்த மேட்டைச் சுற்றி ஆளுயரத்தைத் தாண்டிய கல்வேலி ஒன்றும் இருந்தது. 1790களில் உள்ளூர் ஜமீந்தார் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு அவ்விடத்தில் புதிதாக ஊர் எழுப்பியபோது, மேட்டிலிருந்த கற்கள் கட்டடங்களுக்குப் போயின. பல கற்கள் சுண்ணாம்புக் காளவாயில் வெந்தே போயின. பிரிட்டிஷ் நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி அந்த நாட்களில் அங்கே சென்று பார்த்து, 1816இல் மீண்டும் போய் வரைபடங்களும் எடுக்கச் செய்திராவிட்டால், இழந்தது எது என்றுகூட இன்று நமக்குத் தெரிந்திருக்காது. 1845இல் சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் தோண்டியெடுத்த கற்கள் சென்னைக்கு வந்து வெயிலிலும் மழையிலும் கிடந்தன. அவற்றில் பெரும்பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறி, 1880 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பிறகு ராபர்ட் சீவெல், ஜேம்ஸ் பர்கெஸ், அலெக்சாண்டர் ரீ ஆகியோர் அடுத்தடுத்து நடத்திய அகழாய்வுகளில் வெளிவந்தவற்றுள் பலவும் எழும்பூரில், பாந்தியன் சாலையில், ஓர் இரவுப் பயணத் தொலைவில் நமக்குக் கிடைக்கின்றன.

என்னோடு திருமுருகன்பூண்டியில் சிற்பப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் வந்திருந்தார். அவிநாசிச் சாலையில் போகிறவர்கள் எல்லோரும் அறிந்த அந்த உளியோசையில் பிறந்து வளர்ந்தவர் அவர். கூடத்துக்குள் நுழைந்ததும் நான் உருவங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அவர் முதலில் கல்லைத்தான் பார்த்தார். இது நம் கருங்கல் அன்று. பல்நாட்டுப் பகுதியில் கிடைக்கும், வெண்மையில் இலேசாகப் பச்சை கலந்த சுண்ணாம்புக்கல். நெருங்கிக் குனிந்து பக்கவாட்டில் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “நம்ம கல்லுல இவ்வளவு உள்ளே குடைஞ்சா உதடு தெறிச்சுப் போயிருமுங்க. இது உளிக்கு வளைஞ்சு கொடுத்திருக்குது. ஆனா கல்லு கொடுக்குதேன்னு எல்லாரும் இப்படி வாங்கிட முடியாதுங்க.”

அவர் சொன்ன அந்த ஆழம்தான் படங்களில் காணாமல் போவது. ஓர் உருவத்தின் பின்னால் இன்னோர் உருவம், அதன் தோளுக்கு மேல் மூன்றாவது ஒரு முகம், அதற்கும் பின்னால் ஒரு மரக்கிளை என்று நான்கைந்து அடுக்குகள் சில விரற்கடை ஆழத்துக்குள் அடங்கியிருக்கின்றன. முன்னால் நிற்பவரின் முழங்கை கல்லிலிருந்து ஏறக்குறைய விடுபட்டே நிற்கிறது. கடைசி வரிசையில் இருப்பவரோ மேற்பரப்பில் கீறிய கோடாகத் தேய்ந்துவிடுகிறார். ஒற்றைக் கண் கொண்ட கேமரா இத்தனை அடுக்குகளையும் ஒரே தளத்தில் போட்டு நசுக்கிவிடுவதால், படத்தில் பார்க்கும்போது நெரிசலாகவும் குழப்பமாகவும் தோன்றும் ஒரு காட்சி, நேரில் இடமும் வலமுமாக நாம் இரண்டடி நகரும்போது ஒவ்வொரு ஆளாகப் பிரிந்து நின்று தெளிவாகிறது. ஆகவே ஒரே இடத்தில் நின்று பார்க்காதீர்கள். முகப்பில் நேராக விழும் ஒளி இந்த வகைச் சிற்பத்துக்குப் பகை. வேறோர் ஊரில் ஓர் அருங்காட்சியகத்தில், நேர் எதிரே வைத்த பிரகாசமான விளக்கொளியில் மிக நல்ல புடைப்புச் சிற்பமொன்று சுவரில் ஒட்டிய காகிதம் போலத் தட்டையாகத் தெரிந்ததைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பக்கவாட்டு ஒளியில் நிழல்கள் எங்கே விழுகின்றன என்று தேடி, அந்தக் கோணத்தில் நின்று கொண்டால் கல் பேசத் தொடங்கும்.

நேரம் குறைவாக உள்ளவர்கள் ஒரே ஒரு கல்லைப் பார்ப்பதானால் நளகிரி யானையை அடக்கும் வட்டப் பதக்கத்தைத் தேடிப் போக வேண்டும். கிபி 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேலிக் கல் ஒன்றின் பகுதி அது. புத்தரைக் கொல்வதற்காக இராசகிருக நகரத் தெருவில் மதம் ஏற்றி அவிழ்த்து விடப்பட்ட யானை, அவர் முன்னால் வந்து பணிந்த கதை பலருக்கும் தெரிந்ததே. சிற்பி அந்த ஒரு வட்டத்துக்குள் யானையை இரண்டு முறை காட்டுகிறான். இடப்புறம் அது வெறிகொண்டு பாய்கிறது. அகப்பட்ட ஆள் சிக்கித் தவிக்க, எதிர்ப்பட்டவர்கள் சிதறுகிறார்கள். அச்சத்தில் ஒருத்தி பக்கத்திலிருப்பவனை இறுகப் பற்றிக்கொள்கிறாள். மேலே மாடங்களின் சாளரங்களிலிருந்து ஊர் முழுவதும் எட்டிப் பார்க்கிறது. வலப்புறம் அதே யானை முன்னங்கால்களை மடித்துத் தலையைத் தாழ்த்தியிருக்கிறது. அதன் எதிரே புத்தர் நிற்கிறார், பின்னால் துறவிகள். இந்த இரண்டு யானைகளுக்கும் நடுவே கோடோ தூணோ எதுவும் இல்லை. கலவரத்திலிருந்து அமைதிக்குக் கண் போகிற வேகத்தைச் சிற்பியே கட்டுப்படுத்துகிறான்: இடப்புறத்தில் உடல்கள் எல்லாம் சாய்ந்தும் முறுகியும் இருக்க, வலப்புறத்தில் கோடுகள் நிமிர்ந்து நேராகின்றன. பூரம் திருவிழாக்களில் யானை மிரண்ட செய்திகளை அடிக்கடி படிக்கும் பாலக்காட்டுக் கணவாய் அருகே வாழும் நமக்கு அந்த இடப்புறக் கூட்டத்தின் பதற்றம் எந்த விளக்கமும் இல்லாமல் புரியும். நண்பர் வெகுநேரம் பார்த்தது பணிந்த யானையின் முதுகு வளைவை. பாய்கிற யானையைச் செதுக்குவதைவிட அடங்குகிற யானையைச் செதுக்குவது கடினம் என்றார். அந்த முதுகில் மூச்சு இறங்குவது தெரிகிறது என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம்.

இதற்கு இணையான இன்னொரு வட்டம், புத்தரின் பிச்சைப் பாத்திரத்தைத் தேவர்கள் விண்ணுலகுக்கு எடுத்துச் செல்லும் காட்சி. தட்டில் வைத்த பாத்திரத்தைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆடிக்கொண்டே போகும் அந்தக் கூட்டத்தில் நிற்கிற கால் என்று எதையும் சொல்ல முடியவில்லை. வட்டமே சுழல்வதாக ஒரு மயக்கம் ஏற்படுகிறது. நளகிரிக் கல்லுக்கு நிதானமான கண் வேண்டும். இதற்குச் சற்றுத் தள்ளி நின்று மொத்தமாகப் பார்க்கிற கண் வேண்டும்.

கூடத்தில் பலரும் கவனிக்காமல் கடந்து போவது, புத்தர் இல்லாத கற்களை. வெறுமையான இருக்கை ஒன்று, அதன் மேல் மெத்தை, முன்னால் சக்கரக் குறி பொறித்த இரண்டு பாதங்கள், பின்னால் போதிமரம், சுற்றிலும் கைகூப்பியவர்கள். வேறு சிலவற்றில் சக்கரமோ, தீச்சுடர் எழும் தூணோ அந்த இடத்தில் இருக்கிறது. முதலில் குறியீடுகள் மட்டும் இருந்தன, பிறகே மனித உருவம் வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவதுண்டு. அமராவதியிலோ உருவம் வந்த பின்னும் குறியீடுகள் தொடர்ந்தன, இரண்டும் பக்கம் பக்கமாகவே வாழ்ந்தன. மணிபல்லவத் தீவில் மணிமேகலை தொழுததும் உருவத்தை அன்று, புத்தரின் இருக்கையான புத்த பீடிகையை. தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லாக மட்டும் பழகிய அந்தப் பீடிகை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இந்தக் கற்களைவிட நல்ல துணை கிடைக்காது. கூப்பிய கைகள் எல்லாம் ஒரு வெற்றிடத்தை நோக்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அந்த வெற்றிடத்துக்கு ஒரு கனம் இருப்பதை உடலே உணர்கிறது. இதைப் படத்தில் நான் ஒருபோதும் உணர்ந்ததில்லை. காரணம், நேரில் நாமும் அந்தக் கைகூப்பியவர்களின் வரிசையில் ஒருவராக அதே இருக்கையை நோக்கித்தான் நிற்கிறோம்.

பெண்களின் அணிகலன்களுக்கென்று ஒரு தனிச் சுற்று சுற்றலாம். கனத்த தண்டைகளும், முழங்கை வரை அடுக்கிய வளைகளும், இடையில் பல சரங்களாகத் தொங்கும் மணி மேகலைகளும் ஒவ்வொரு மணியாக எண்ணக்கூடிய அளவுக்குச் செதுக்கப்பட்டிருக்கின்றன. இந்தக் கற்கள் செதுக்கப்பட்ட நூற்றாண்டுகளில்தான் நொய்யல் கரையில் கொடுமணலில் சூதுபவளமும் படிகமும் அறுத்துத் துளையிட்டு மணி செய்துகொண்டிருந்தார்கள். காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பச்சைக்கல் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது. அகழாய்வில் தனித்தனியாகக் கிடைக்கும் அந்த மணிகளைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்துவிட்டு வந்த ஒருவருக்கு, அத்தகைய மணிகள் ஓர் உடம்பில் ஏறினால் எப்படி அசையும் என்பதை இந்த மேகலைகள் காட்டிவிடும்.

இவ்வளவு சொன்ன பின், இங்கே என்ன கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். இவை தனித்தனியே மாட்டிப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வழிபட வந்தவர் ஸ்தூபத்தை வலம் வருகையில், வேலியின் உட்புறமும் ஸ்தூபத்தின் அடிச்சுவரும் இருபுறமும் சூழ, நடையின் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டு போன கதைகள் அவை. அந்த வரிசை என்றென்றைக்குமாகக் கலைந்துவிட்டது. பாதி லண்டனிலும் பாதி இங்கும் வேறு சில ஊர்களிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது, ஸ்தூபத்தின் தோற்றத்தையே செதுக்கிய பலகைக் கல். வாயிலில் அமர்ந்த சிங்கங்கள், திசைக்கு ஐந்தாக எழும் ஆயகத் தூண்கள், பூவேலை நிறைந்த அண்டம் என்னும் குவிமாடம், மேலே பறக்கும் தேவர்கள் என்று முழு அமைப்பும் அதில் இருக்கிறது. இடிந்து மறைந்த கட்டடம் எப்படி இருந்தது என்று அறிஞர்கள் மீட்டுச் சொன்னதும் இத்தகைய பலகைகளைக் கொண்டுதான். ஆகவே முதலில் இதைப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போக வேண்டும் என்பது என் பரிந்துரை. ஒவ்வொரு துண்டையும் அது எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மனத்தில் பொருத்திக்கொள்ள அது உதவும்.

கற்களின் மேற்பரப்பில் அங்கங்கே தெரியும் சிதைவும் எல்லாம் பழமையால் வந்ததன்று. 1880களில் இவற்றைச் சிமெண்டு வைத்துச் சுவரோடு பதித்துவிட்டார்கள். ஈரத்தோடு ஊறி வந்த உப்பு பிற்காலத்தில் கல்லை அரித்தது. அதைச் சரிசெய்ய நெடுங்காலம் பாடுபட வேண்டியிருந்தது. பல நூற்றாண்டுகள் தாங்கிய கல், பாதுகாக்க நினைத்த கைகளில் நூறாண்டுக்குள் நொந்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. தொட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கைப்பிசுக்கும் வியர்வையும் கூட இந்தக் கல்லுக்கு ஆகாது என்பதைக் குழந்தைகளுக்கு வாயிலிலேயே சொல்லி அழைத்துப் போங்கள்.

அமராவதியோடு நிறுத்திவிட மனம் வராதவர்கள், காஞ்சிபுரம் காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்து இங்கே வந்து சேர்ந்த, ஏழடிக்கும் மேல் உயரமான நின்ற புத்தரையும், நாகப்பட்டினத்துப் பௌத்தச் செப்புத் திருமேனிகளையும் பார்க்கலாம். 1856இல் தொடங்கி 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை நாகப்பட்டினத்தில் கிடைத்த பௌத்தத் திருமேனிகள் ஏறத்தாழ 350. முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்த, ஸ்ரீவிசய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரம் நின்ற ஊர் அது. உச்சியில் தீச்சுடர் எழ நிற்கும் அந்தச் சிறு புத்தர்களில் சிலவற்றின் பீடத்தில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, பௌத்தம் தமிழரிடையே எவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்பது புலப்படும்.

கொங்கு நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. விசயமங்கலம் சந்திரப்பிரபர் கோயில் முதல் நம் ஊர்களில் நாம் பார்த்துப் பழகியவை சமணத் திருவுருவங்கள். அதனால் கண்மூடி அமர்ந்த எந்த உருவத்தையும் புத்தர் என்றோ தீர்த்தங்கரர் என்றோ மாற்றிச் சொல்லிவிடுவது இங்கே சகஜம். எழும்பூரில் இரண்டும் இருப்பதால் ஒப்பிட்டுக் கற்க நல்ல வாய்ப்பு. புத்தருக்கு ஆடை உண்டு: இடத் தோளை மூடி மார்பின் குறுக்கே ஓடும் ஒரு மெல்லிய விளிம்புக் கோடாவது இருக்கும், அமராவதியில் அந்த ஆடை அலையலையான மடிப்புகளாக விழுந்து, கீழே தடித்த கரையாக முடியும். தலையுச்சியில் முடி முடிச்சாக எழும்பியிருக்கும். தீர்த்தங்கரருக்கு ஆடை இல்லை. பெரும்பாலும் தலைக்கு மேல் முக்குடை இருக்கும்.

இந்தக் கண்ணோடு திரும்பி வந்தபின், சேலம் மாவட்டத்தில் தலைவாசலுக்கும் ஆறகழூருக்கும் அருகிலுள்ள தியாகனூருக்கும் போய்வருவது முறை. அங்கே பெரிய கருங்கல் புத்தர்கள் இரண்டு, ஊராரின் பராமரிப்பில், தாங்கள் வைக்கப்பட்ட மண்ணிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஒருவருக்குத் தியான மண்டபமும் எழுந்திருக்கிறது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்டு வந்த சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறை ஆராய்ந்து சொன்னதை ஏற்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நினைவிருக்கலாம். பத்ம பீடம், தியானக் கைகள், தலைமுடி முடிச்சு என்று அங்கே சான்றாகக் கொள்ளப்பட்ட குறிகள் எல்லாம் எழும்பூரில் ஒரு பகல் நின்று பார்த்தவர் தாமே கண்டுகொள்ளக்கூடியவை. கருங்கல்லில் மடிப்புகள் கிடையாது, கூட்டம் கிடையாது, கதை கிடையாது. பெரிய தளங்களாக ஓடும் உடல் மட்டுமே. தியாகனூரின் அந்தச் சிக்கனத்தை அமராவதியின் செழிப்புக்குக் குறைந்ததாக நான் மதிக்கவில்லை. என் நண்பர் தியாகனூரே உயர்ந்தது என்கிறார். தம் வாழ்நாள் முழுவதும் அந்தக் கல்லோடு மல்லுக்கு நின்றவர் என்பதால் அவர் கருத்துக்கு என் கருத்தைவிடக் கனம் அதிகம்.

போகிறவர்கள் சில நடைமுறைகளை நினைவில் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாட்களிலும் அருங்காட்சியகம் திறக்கப்படுவதில்லை; வியாழன் இரவு கிளம்பிவிடாதீர்கள். கோவையிலிருந்து சேரன், மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி, ஈரோட்டிலிருந்து ஏற்காடு ஆகிய இரவு விரைவு ரயில்கள் மூன்றும் சென்னை சென்ட்ரலில் விடியும் வேளையில் இறக்கிவிடும். அங்கிருந்து எழும்பூர் மெட்ரோவில் அடுத்த நிலையம்தான். காலை ஒன்பதரைக்குத் திறந்தவுடன் நேராக அமராவதிக் கற்களுக்குப் போய்விடுங்கள்; பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் சேர்வதற்கு முன் கிடைக்கும் நேரம் மிகவும் மதிப்புள்ளது. மதியத்துக்கு மேல் செப்புத் திருமேனிகளை வைத்துக்கொண்டால் கண்ணுக்கு ஒரு மாறுதல் கிடைக்கும். திமிங்கல எலும்புக்கூடு முதலான மற்ற கூடங்களையும் ஒரே நாளில் முடித்துவிட நினைக்கிறவர்கள் குழந்தைகளோடு இன்னொரு முறை வரட்டும். கையில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். நளகிரிக் கல்லில் எத்தனை முகங்கள் சாளரங்களில் இருக்கின்றன என்பதை வரைந்து எண்ணிப் பார்க்க முயன்றால், நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் அதன் முன்னால் நின்றுவிடுவீர்கள்.